அந்தக் கப்பல் ஓய்வெடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் திருகோணமலைத் துறைமுகப் படம் ஒன்று வந்திருந்தது. ஓர்ஸ் ஹில் பக்கமாக உயரத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள் போல. பச்சைத் தண்ணீர், பின்னால் மலை, நடுவில் நீளமாக ஒரு கப்பல். படம் நல்ல படம். கீழே போட்டிருந்த வரிதான் என்னைப் பேனை எடுக்க வைத்தது: “உட்துறைமுகத்தில் ஓய்வெடுக்கும் கப்பல்.”

நான் இருபத்தெட்டு வருடம் இந்த வகைக் கப்பல்களில் வேலை செய்தவன். 1991 இல் ஓ.எஸ். என்கிற தொடக்க மாலுமியாக ஏறி, பிறகு ஏ.பி. என்கிற தேர்ந்த மாலுமியாகி, கடைசிப் பதினொரு வருடம் போசனாக இருந்து 2019 இல் இறங்கினேன். போசன் என்றால் டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கு மூத்தவன். பழைய ஆட்கள் சாரங்கு என்பார்கள். இத்தனை வருடத்தில் ஓய்வெடுக்கும் கப்பல் ஒன்றை நான் கண்டதில்லை. உடைப்பதற்காகக் கரையில் ஏற்றிவிட்ட கப்பல் வேண்டுமானால் ஓய்வெடுக்கும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஐந்து ஹட்ச், அதாவது சரக்கு அறைகளின் வாய்கள், நான்கு கிறேன். முன்பக்கமான அணியத்தில் கறுப்புப் பந்து ஒன்று தொங்குகிறது. நங்கூரத்தில் நிற்கிறேன் என்பதற்குப் பகல் அடையாளம் அது. அடிப்பக்கச் சிவப்பு மை தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. ஆகவே சுமையோடு முறை பார்த்து நிற்கிறது. இரண்டாம் ஹட்சுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? அவை வாளியோ டிரம்மோ அல்ல, வேலை உடுப்போடு நிற்கிற இரண்டு ஆட்கள். துரு தட்டுகிறார்கள், அல்லது ஹட்ச் மூடியின் ரப்பரைப் பார்க்கிறார்கள். வெயில் ஏறிய இரும்பில் முழங்காலை ஊன்ற முடியாது. மட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொள்வோம்.

இந்தக் கப்பல்களைப் பற்றி நமது ஊரில் பேசுகிறவர்கள் குறைவு. சுற்றுலாக் கப்பல் வந்தால் சனம் கூடும், கடற்படைக் கப்பல் வந்தால் படம் எடுக்கும். கோதுமைக் கப்பலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 1980 முதல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை ஓடுவது இவை கொண்டு வருகிற தானியத்தில்தான். காலையில் நீங்கள் சம்பலோடு தின்ற பாணும், இரவு தகரத்தில் தாளம் போட்டுக் கொத்தின ரொட்டியும் இப்படி ஒரு கப்பலின் வயிற்றில் கிடந்துதான் வந்தன. சீமெந்துக்கு வருகிற கிளிங்கரும் அப்படியே.

மூடை கட்டாமல், பெட்டியில் அடைக்காமல், சரக்கை அப்படியே கொட்டி ஏற்றுகிற கப்பல் இது. பல்க்கர் என்று சொல்வோம். கொள்கலன் கப்பலுக்குப் பஸ்ஸைப் போல நேர அட்டவணை உண்டு. பல்க்கர் ஹயருக்கு ஓடுகிற லொறி மாதிரி. சரக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும். மனிசிக்குக் கடிதத்தில் அடுத்த துறைமுகம் இன்னது என்று எழுதிப் போட்ட பிறகு, நடுக்கடலில் கட்டளை மாறி வேறு கண்டத்துக்குத் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. படத்தில் உள்ள அளவுக் கப்பல் ஐம்பதாயிரம் தொன் பிடிக்கும். ஐம்பது கிலோ மூடையாக எண்ணினால் பத்து இலட்சம் மூடை. அதைக் கொண்டு வருகிறவர்கள் கப்டனிலிருந்து சமையல்காரர் வரை இருபது, இருபத்திரண்டு பேர்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி எதுவென்று கேட்டால், கூட்டுவதும் கழுவுவதும் என்பேன். சிரிக்கலாம். போன பயணத்தில் நிலக்கரி ஏற்றியிருப்போம், அடுத்தது கோதுமை. இடையில் வெறும் கப்பல் ஓடுகிற எட்டோ பத்தோ நாளில், ஹோல்ட் என்கிற ஐந்து சரக்கு அறைகளையும் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற அளவுக்குத் துப்புரவாக்க வேண்டும். ஒரு ஹோல்ட் என்றால் கல்யாண மண்டபம் ஒன்றைத் தூக்கி உள்ளே வைக்கலாம். உயரம் ஐந்து மாடிக்கு வரும். பக்கச் சுவரில் விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் நிலக்கரித் தூள் ஒளிந்திருக்கும். முதலில் தும்புத்தடியால் கூட்டி அள்ளி, வாளியில் கட்டி மேலே இழுக்க வேண்டும். பிறகு கடல் தண்ணீரைக் காற்றழுத்தத்தோடு பாய்ச்சிக் கழுவ வேண்டும். அந்தக் குழாய் மலைப்பாம்பு மாதிரி உதறும். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கடல் உப்பு நின்றால் துரு பிடிக்கும் என்பதால் கடைசியில் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீருக்கும் கணக்கு உண்டு, அன்றைக்கு நாங்கள் குளிப்பதைக் குறைத்துக்கொள்வோம். எல்லாம் முடிந்ததும் மூலையில் அழுக்குத் தண்ணீர் வடிந்து சேருகிற பில்ஜ் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அழுகின தானியமும் கரிச்சேறும் கலந்த குழம்பை ரின்னால் அள்ள வேண்டும். அந்த மணம் மூக்கை விட்டுப் போக மூன்று நாள் செல்லும். என்னோடு வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், “ஊரில் அம்மா ஒரு தம்ளர் கழுவச் சொன்னால் சண்டை பிடிப்பேன்” என்று சொல்லிச் சொல்லி அள்ளுவார்.

ஏற்றும் துறைமுகத்தில் ஹோல்ட் துப்புரவா என்று பரிசோதிக்கிற தானிய சேர்வேயர் வருவார். டோர்ச்சோடு ஏணியில் இறங்குவார். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கண்டிப்பு அதிகம். உயிருள்ள வண்டு ஒன்று கண்டாலும் போதும், உள்ளங்கை அகலத்துக்குத் துருச் செதில் உரிந்து வந்தாலும் போதும், தலையை ஆட்டிவிட்டு ஏறிப்போய்விடுவார். அந்த நிமிடத்திலிருந்து கப்பலுக்கு வாடகை நிற்கும். ஒருமுறை நான்காம் ஹோல்டில் அப்படி நடந்தது. பதினைந்து மீற்றர் உயரத்தில், மூங்கிலில் கட்டின சுரண்டியோடு இரவு முழுக்க நின்றோம். காலையில் அதே மனிதர் வந்தார், பார்த்தார், பெருவிரலைக் காட்டினார். அதற்குப் பிறகு கிடைத்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் போல இன்னொன்று நான் குடித்ததில்லை.

வான்கூவரில் மழைக்குப் பெரும்பாலும் தானியம் ஏற்ற மாட்டார்கள். அங்கே மாரிகாலத்தில் மழை விடுவதே அபூர்வம். கிழமைக் கணக்கில் குளிருக்குள் நங்கூரத்தில் கிடப்போம். அதையும் யாராவது கரையிலிருந்து படம் எடுத்து “ஓய்வெடுக்கும் கப்பல்” என்று போட்டிருப்பார்கள்.

ஏற்றி முடித்ததும் பூச்சி சாகத் தானியத்துக்குள் பொஸ்பீன் மருந்து வைத்து, ஹட்ச் இடுக்குகளை ஒட்டி மூடுவார்கள். அப்புறம் ஒரு மாத ஓட்டம். உள்ளே நச்சு வாயு, மேலே நாங்கள். உள்ளி மணமோ அழுகின மீன் மணமோ எங்கேயாவது வருகிறதா என்று மூக்கை வைத்துக்கொண்டே இருப்போம். அறைக்குள் கசிந்தால் படுத்த பாயில் ஆள் முடிந்து போவார்.

ஓய்வு நேரத்தைப் பற்றிச் சட்டம் இருக்கிறது: இருபத்து நான்கு மணித்தியாலத்தில் குறைந்தது பத்து, ஏழு நாளில் எழுபத்தேழு. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். நான் வேலை செய்த கப்பல் ஒன்றில் ஹோல்ட் கழுவுகிற நாட்களில் பதினாறு மணித்தியாலம் நின்றுவிட்டு, பத்து மணித்தியாலம் படுத்ததாக மாத முடிவில் கையெழுத்து வைப்போம். நானும் வைத்தவன்தான். போசன் வைக்காவிட்டால் மற்றவர்கள் எப்படி வைப்பார்கள்?

சரி, கப்பல் இங்கே வந்தாயிற்று, இனி இறக்குவதுதானே, அதில் மாலுமிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இறக்கத் தொடங்கு முன்னும் முடிந்த பின்னும் ட்ராஃப்ட் கணக்கு எடுக்க வேண்டும், அதாவது கப்பல் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதை வைத்துச் சரக்கின் நிறையைக் கணிக்க வேண்டும். கப்பலின் இரு பக்கமும், முன், நடு, பின் என்று ஆறு இடத்தில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று சீஃப் ஒஃபிசர் பார்ப்பார். வாளியில் கடல்நீரை எடுத்து அடர்த்தி பார்ப்பார். வழக்கமாக 1.025 நிற்கும். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா பக்கத்தில் இருப்பதால், மாரியில் ஆற்றுநீர் கலந்து அந்த எண் இறங்கலாம். இறங்கினால் கப்பலும் கொஞ்சம் கூடுதலாகத் தாழும். அதைக் கழிக்காமல் விட்டால் கணக்கில் நூற்றுக்கணக்கான தொன் பிசகும். பிறகு மழை. வாடைக்காற்று காலத்தில் நம் ஊர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மூதூர்ப் பக்கம் கறுத்தால் ஓட வேண்டும். ஐந்து ஹட்சையும் மூடு, விட்டதும் திற, திரும்ப மூடு. இரவு இரண்டு மணிக்கும் அதுதான். நனைந்த கோதுமைக்குப் பதில் சொல்ல வேண்டியது கப்பல்.

இவ்வளவும் எழுதியது கப்பல் கதை சொல்வதற்காக அல்ல. போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான்.

சீனக்குடாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பெடியன்கள் வீதியோரம் வேப்பமர நிழலில் குந்தியிருந்தார்கள். இருவர் பிலிப்பினோ, ஒருவர் மியன்மார். காலில் செருப்பு, ஒருவனின் நகக்கண்ணில் சாம்பல் பெயின்ற். அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். கரைக்கு இறங்கி முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டதாம், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டுமாம். ஓட்டோக்காரர் ஒருவர் ரவுனுக்குப் போக ஐம்பது டொலர் கேட்டாராம். அவர்களிடம் ரூபாய் இல்லை. அவர்களுக்கென்று ஒரு வாகனமோ, எங்கே போகலாம், என்ன கூலி என்று சொல்கிற ஒரு பலகையோ அந்த வீதியில் நான் காணவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டேன். சிம், பற்பசை, முடிந்தால் ஒரு தேவாலயம். நான் போசனாக இருந்தவன் என்று சொன்னதும் “சேர்” போய் “போஸ்” ஆகிவிட்டது. மூவரையும் பஸ்ஸில் ஏற்றினேன். ரவுனில் சிம் கடைப் பெடியன் கடவுச்சீட்டு கேட்டான். அவனில் பிழையில்லை, சட்டம் அது. இவர்களிடம் கரையிறங்கும் அனுமதிச் சீட்டு மட்டும்தான் இருந்தது. கடவுச்சீட்டெல்லாம் கப்பலில் கப்டனிடம். கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இருத்தி, என் தொலைபேசி இணைப்பை அவர்களுக்குத் திறந்துவிட்டேன். மூவரும் மூன்று மூலையில். இளையவனுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம்; அவன் கப்பல் ஏறி ஏழு மாதம். வீட்டில் பிள்ளை நித்திரை. மனைவி தொலைபேசியைத் தொட்டில் பக்கம் வைத்துவிட்டுப் பால் எடுக்கப் போய்விட்டாள் போல. திரையில் ஒரு சீலிங் ஃபான் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் அந்த ஃபானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை எழும்பவில்லை.

கொத்து ரொட்டி வந்தது. “இது எங்கள் சரக்கா, போஸ்?” என்று கேட்டான் மற்றவன். இல்லை, இது உங்களுக்கு முந்தின கப்பல், உங்களுடையதை இனித்தான் தின்போம் என்றேன். அதற்கு மட்டும் நன்றாகச் சிரித்தார்கள். வழியில் மான்களைக் கண்டு படம் எடுத்தார்கள். தேவாலயத்துக்கு நேரம் போதவில்லை.

தொலைபேசி சிக்னல் என்பது சின்ன விசயமாகத் தெரியலாம். 2020 ஜூலை 25 இல் மொரிசியஸ் கரையில் வகாஷியோ என்ற பெரிய பல்க்கர் பவளப்பாறையில் ஏறியது நினைவிருக்கும். பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது, சிக்னல் கிடைக்கட்டும் என்று கரையை நெருங்கிப் போயிருக்கிறார்கள். ஆயிரம் தொன் அளவு எண்ணெய் அந்தக் குடாவில் கலந்தது. கப்டனுக்கும் முதல் அதிகாரிக்கும் சிறை. அந்த முதல் அதிகாரி இலங்கையர். செய்தது பிழைதான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்த ஆசை எனக்குத் தெரியும். கரை மினுங்குகிறபோது தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டெக்கில் ஒரு பக்கமிருந்து மற்றப் பக்கம் நானும் நடந்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். நிலக்கரி ஏற்றிப் போன பயணம் ஒன்றில் எங்கள் ஏ.பி. ஒருவர் ஹோல்டுக்கு இறங்கும் ஏணி அறையைத் திறந்து, காற்றை மீற்றரில் பார்க்காமலே இறங்கிவிட்டார். நிலக்கரி காற்றில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். இருபத்தொரு வீதம் இருக்க வேண்டியது உள்ளே எவ்வளவு இருந்ததோ. மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஏணியின் பாதியில் கையை விட்டார். பின்னால் நின்றவர் காப்பாற்றப் பாய்ந்தார். நான் அவரை இடுப்புப் பட்டியில் பிடித்து இழுத்து டெக்கில் விழுத்தினேன். இப்படியான அறைகளில் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாவது தூக்கப் போய்த்தான். அவர் என் முகத்தில் அடித்தார். ஒரு கிழமை என்னோடு பேசவும் இல்லை. உடலை இறைச்சி வைக்கும் குளிரறையில்தான் வைத்தோம், வேறு இடம் கிடையாது. சமையல்காரர் அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கவில்லை. துறைமுகம் போகும் வரை ஒன்பது நாளும் பருப்பும் ரின் மீனும்.

கரை தொட்டதும் பொலிஸ் வந்தது, கொம்பனி ஆள் வந்தார், எல்லோரும் தாள் கேட்டார்கள். பிறகு ஒரு வயதான பெண் வந்தார். கடலோடிகளுக்கான மிஷனிலிருந்து, ஒரு பழைய வானை அவரே ஓட்டிக்கொண்டு. கையில் பை நிறையக் கம்பளித் தொப்பி, யாரோ கிழவிகள் பின்னிக் கொடுத்தவை. அவர் தாள் எதுவும் கேட்கவில்லை. “யாருக்கு வீட்டோடு பேச வேண்டும்? வான் இருக்கிறது” என்றார். முதலில் ஏறியது சமையல்காரர். அந்தத் தொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. திருகோணமலை வெக்கைக்கு அதைப் போட வழியில்லை.

அந்த வேலையைக் கடலோடிகளுக்கான மிஷன் 1856 முதல் செய்கிறது. அதே வேலையைச் செய்கிற கத்தோலிக்கர்களின் ஸ்டெல்லா மாரிஸ் அமைப்பு 1920 இல் தொடங்கியது. வருகிறவன் கத்தோலிக்கனா, சைவனா, முஸ்லிமா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. 2004 ஜூலையில் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுக்க இறுகிய பிறகு, வாசலைத் தாண்டி நடந்து போவதே பல இடங்களில் பெரும்பாடு. அப்போது இந்த வான்கள்தான் கைகொடுத்தன. 2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயமும், மாலுமிக்குக் கரையிறங்க உரிமை உண்டு, துறைமுகங்களில் அவனுக்கென்று வசதிகள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

நான் கட்டடம் கேட்கவில்லை. திறப்பு விழாவும் வேண்டாம். கோதுமைக் கப்பலோ கிளிங்கர் கப்பலோ கட்டி நிற்கிற நாட்களில் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு வான் சீனக்குடாவிலிருந்து ரவுனுக்கு வந்து, ஐந்தரைக்குத் திரும்பினால் போதும். கோயில் சபை ஒன்று ஒரு கப்பலைப் பொறுப்பெடுக்கட்டும், பள்ளிவாசல் ஒன்று அடுத்ததை, தேவாலயம் அதற்கு அடுத்ததை. ஓட்டோச் சங்கத்தார் நியாயமான கூலியை ஒரு பலகையில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால், ஐம்பது டொலர் கேட்கிறவரால் மற்றவர்களுக்கு வருகிற கெட்ட பெயரும் போகும். கடைக்காரர் ஒருவர் வைஃபையும் நாலு கதிரையும் தந்தால், சாப்பாட்டை அவர்களே காசு கொடுத்து வாங்குவார்கள். கப்பல்காரன் கையில் காசை வைத்துக்கொண்டு திரும்பிப் போக மாட்டான், என்னை நம்புங்கள்.

கூடப் போய்வர நான் தயார். ஆங்கிலமும், பிலிப்பினோக்கள் பேசுகிற தகாலோக் கொஞ்சமும் தெரியும். ஆனால் ஓட்டுவதற்கு வேறு ஆள் வேண்டும். ஐம்பதாயிரம் தொன் கப்பலின் சுக்கானைப் பிடித்தவனே தவிர, எனக்கு வான் ஓட்டத் தெரியாது. மகன் பழக்கப் பார்த்து, மதிலில் ஒருமுறை சாத்தியதோடு விட்டுவிட்டான்.

வான் உள்ளவர்கள் யாராவது முன்வந்தால் உங்கள் அலுவலகம் மூலமாக எனக்குச் சொல்லியனுப்புங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். காலையில் வந்தால் திருக்கடலூரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.